காலி அறைக் கணக்கு

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கதவைச் சாத்தத் தெரியாது. கதவைப் பூட்டித் திறப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வருவார். கதவைத் திறந்து உள்ளே போவார். போனவர் சாத்த வேண்டியதுதானே? மாட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி, உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கி, பின்னால் வருகிறவருக்கு வழி விடுகிற மாதிரி நிற்பார். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். பிறகு சாத்துவார்.

"யாரை வரவேற்கிறீங்க அத்தான்? மந்திரி வர்றாரா?" என்று நான் கேட்பேன்.

"காத்து வரட்டும்னுதான் மாப்ள."

"காத்து எங்க வருது? கொசுதான் வருது. அதுங்களுக்குத்தான் வாசல்ல நின்னு மரியாதை," என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

அக்காவுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதை என்னிடம் மட்டும் சொல்லுவாள். "அவர் வேலைக்குப் போயிட்டா வீடு என் வீடா இருக்குடா. அவர் வந்துட்டா, யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. குளிச்சிட்டு முடியை விரிச்சுப் போட்டு உட்காரக் கூசுது. கல்யாணமான புதுசுல இப்படி இல்ல. அப்புறம் எப்பவோ ஆரம்பிச்சது." புருஷன் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிற பெண்டாட்டியை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தலையணையை எடுத்து என் மேல் எறிந்தாள்.

அலமாரியைச் சாத்தும் முன் உள்ளே எட்டிப் பார்ப்பார். பிரிட்ஜுக்கும் அதே மரியாதைதான். உள்ளே இருக்கிற கத்திரிக்காயா பதில் சொல்லப் போகிறது? மகள் சின்னவளாக இருந்தபோது அவளோடு கண்ணாமூச்சி ஆடுவார். அவளைக் கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்து இழுத்து வெளியே விட்ட பிறகும் திரைக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் என்று தேடிக்கொண்டே போவார். "நான்தான் கிடைச்சிட்டேனேப்பா," என்று அவள் பின்னாலேயே ஓடுவாள். இப்போது அவள் வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறாள். அவர் மட்டும் இன்னும் தேடுகிறார்.

அவர் வேலை செய்கிற அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு 'மூணு தடவை' என்று பெயர். இயக்குநர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். "மூணு தடவை உள்ள போயிருக்காரா? அப்போ ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்பார்கள். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். அங்கே சோதனைக் கூடம் கட்டி முடித்த நாளிலிருந்து அதன் கதவு அவர் பொறுப்பு. பிற்பாடு எனக்கும் அங்கேயே கட்டுப்பாட்டு அறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு உண்டு. அதற்காகக் கேலி செய்யாமல் இருக்க முடியுமா?

அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களிடம், இருட்டறையில் கல்லெறிகிற வேலை என்று சொல்லுவேன். விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அணுக்கருவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதன் மேல் எதையாவது எறிந்து, அது எந்தப் பக்கம் எவ்வளவு தெறிக்கிறது என்று எண்ணித்தான் அதற்கு ஓர் உருவம் கொடுக்கிறார்கள். நாங்கள் எறிவது நியூட்ரான். முடுக்கி என்கிற இயந்திரம் வேகமாக விரட்டிவிடும் துகள் கற்றை ஒரு மெல்லிய தகட்டில் மோதி நியூட்ரான்களைக் கிளப்பும். அவை கூடத்தின் நடுவே தொங்கவிட்ட ஈயத்துண்டிலோ இரும்புத்துண்டிலோ பட்டு எட்டுத் திக்கும் சிதறும். எந்தக் கோணத்தில் எத்தனை வந்தது என்று எண்ணுகருவிகள் எண்ணும்.

ஆனால் எறிவது கல் இல்லை. குவாண்டம் உலகத்தில் எல்லாம் அலை. குளத்து அலை நட்ட கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, நியூட்ரானும் அணுக்கருவைச் சுற்றி வளைந்து போகும். அதனால் ஒரு கோணத்தில் நிறைய வரும், அடுத்த கோணத்தில் வற்றிவிடும், அதற்கடுத்து மறுபடி பெருகும். அந்த ஏற்ற இறக்கத்தைப் படித்துக் கருவின் அளவைச் சொல்கிறவர்கள் விஞ்ஞானிகள். படிக்கத் தெரியாமல் பொத்தானை அமுக்குகிறவன் நான்.

கற்றை ஓடும்போது கூடத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது. அதற்குத்தான் ஆள் உயரத்தைவிடத் தடிமனான கான்கிரீட் சுவரும், தண்டவாளத்தில் நகரும் கதவும். கதவுக்குப் பக்கத்தில் சாவிப் பலகை. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் முடுக்கி கிளம்பாது. எல்லாச் சாவியும் வந்த பிறகு அத்தான் மட்டும் தனியாக உள்ளே போவார். சுவரோரமாக நடந்து, மூலைக்கு மூலை இருக்கிற பொத்தான்களை வரிசையாக அமுக்கி, "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கூவுவார். வெளியே வருவார். கதவு மூடும். தேடப் போகிறவரும் ஒரு சாவி எடுத்துப் போக வேண்டும் என்ற விதி முதலில் கிடையாது. அதைக் கொண்டுவந்தவரே அவர்தான். நல்ல யோசனை என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்த யோசனை அவருக்கு எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தொல்லை என்னவென்றால், மூன்றாவது தடவை கூவிய பிறகு அவர் காத்து நிற்பார். வருஷம் போகப் போக அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. வெளியிலிருந்து வருகிற ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கற்றை கிடைப்பதே அபூர்வம். அவர்கள் கட்டுப்பாட்டு அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் கதவு முக்கால்வாசி மூடிய பிறகு நிறுத்தச் சொல்லி, மறுபடி உள்ளே போய் முழுக் கூடத்தையும் சுற்றி வந்தார். அன்றைக்கு இயக்குநருக்குப் புகார் போயிற்று.

இயக்குநர் கெட்டவர் இல்லை. உட்காரவைத்து நிதானமாகத்தான் கேட்டார். "உங்க காதுல ஏதாவது குரல் கேக்குதா? மறைக்காம சொல்லுங்க."

அத்தான் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த மௌனமே அவருக்கு வினையாயிற்று. மனநல மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது. குரல் கேட்கிற ஆள் என்று அவர் எழுதிவிட்டால் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டு அத்தானைக் கிடங்கில் போட்டுவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடந்து வந்தோம். "சாவி போனாப் போகட்டும் மாப்ள," என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எனக்குப் பைத்தியமா, இல்லையா?"

"அது அக்காவைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே தெரிஞ்சு போச்சே அத்தான்."

எப்போதும் சிரிப்பவர் அன்று சிரிக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு விஞ்ஞானி வந்து சேர்ந்தார். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். தடித்த கண்ணாடி, வேகமான பேச்சு, எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற பிடிவாதம். ஒரு நாள் கேன்டீனில் அத்தான் அவரிடம் போய் நின்றார்.

"ஒரு சந்தேகம் மேடம். தெறிச்சு வர்றதை எண்ணுறீங்க, சரி. அந்தக் கரு நியூட்ரானை முழுங்கிட்டா? திரும்பி வராததை எப்படி எண்ணுவீங்க?"

மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. டீ கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மேசையில் விழுந்த நிழலைக் காட்டினார். "முழுங்கினா நிழல் விழும் இல்லையா? நிழல்னா நாம வெறும் இருட்டுன்னு நினைப்போம். அலைக்கு அப்படிக் கிடையாது. அது நிழலோட ஓரத்துல வளைஞ்சு உள்ள வரும். அதனால குவாண்டம் கணக்குல நிழலும் ஒரு சிதறல்தான். எவ்வளவு முழுங்குதோ அவ்வளவு நிழலாவும் சிதறும். ரெட்டிப்பாக் காட்டிக் கொடுத்துடும்."

"அப்போ எது இருந்தாலும் தெரிஞ்சிடும்?"

"இருந்தாத் தெரிஞ்சே ஆகணும். ஒளிஞ்சுக்கவே முடியாது."

"இல்லாததா இருந்தா?"

"இல்லாததுக்கு ஏது நிழல்?"

அத்தான் வெகுநேரம் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

இங்கே காலி அறைக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூட்ரான் ஈயத்துண்டில் மட்டுமா படும்? சுவரில், தரையில், இயந்திரங்களில் எல்லாம் பட்டுத் திரும்பி வந்து எண்ணுகருவியில் விழும். அந்தக் குப்பையைக் கழித்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். அதற்காகக் கூடம் கட்டிய புதிதில், எதையும் தொங்கவிடாமல், மிக மெல்லிய கற்றையை நாள் முழுக்க ஓடவிட்டு, வெறும் கூடம் எப்படி இருக்கும் என்று அளந்து வைத்தார்கள். பிறகு வந்த ஒவ்வோர் அளவிலிருந்தும் அதைத்தான் கழித்தார்கள்.

அதில் ஒரே ஒரு கோளாறு. கூடத்தின் கோடி மூலையிலிருந்து வருவதில் இதைக் கழித்தால், ஒன்றுமில்லை என்பதற்கும் கீழே போய்விடும். ஒன்றுமே இல்லாத இடத்தில் அதற்கும் குறைவாக எப்படி இருக்க முடியும்? யாரோ ஒரு புண்ணியவான் மூலைத் திருத்தம் என்று ஓர் எண்ணைக் கண்டுபிடித்துச் சேர்த்துக் கணக்கை நேராக்கினார். முன்னேர் போன வழியே பின்னேரும் போயிற்று. வந்தவர்கள் எல்லாரும் அந்த எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மேடம் சேர்த்துக்கொள்ளவில்லை. "காரணம் தெரியாத எண்ணை நான் தொட மாட்டேன். காலி அறையைப் புதுசா அளப்போம்," என்றார்.

அதைக் கேட்டபோது அத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை. அன்று வீட்டில் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார். சமையலைக் குறை சொல்கிறாரோ என்று அக்கா என்னைத் திட்டினாள். அவரைத் திட்ட வேண்டியதையெல்லாம் என்னைத் திட்டியே பழக்கப்பட்டவள்.

மறுநாள் காலையில் கூடத்தைத் துடைத்துவிட்ட மாதிரி காலி செய்தோம். எல்லாச் சாவியும் பலகைக்கு வந்தது. அத்தான் உள்ளே போனார். மூன்று தடவை கூவுகிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. இன்றைக்கு எத்தனை நேரம் நிற்கப் போகிறாரோ என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்.

"என்ன அத்தான், காத்திருக்கவே இல்ல?"

"இன்னிக்கு யாரும் இல்ல," என்றார். எதிர்பார்த்த முகத்தோடு உள்ளே போய், ஏமாந்து திரும்பியவர் போல இருந்தார்.

மேடம் பிடிவாதமாக எல்லாரையும் கட்டுப்பாட்டு அறைக்கு வரவைத்துத் தலைகளை எண்ணினார். எல்லாரும் இருந்தோம். கற்றை ஓடியது. மதியத்துக்கு மேல் புதுக் கணக்கைத் திரையில் போட்டு, பழையதை அதன் மேல் வைத்தார். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் பொருந்தியது, கோடி மூலையைத் தவிர.

"பழசுலதான் தப்பு," என்றார் மேடம். "அந்த மூலைல வேகம் செத்துப்போன நியூட்ரான் குவிஞ்சு கிடக்கு. கோலிக்குண்டு அதே அளவு கோலிக்குண்டுல மோதினா அப்படியே நின்னுடும் இல்ல? நியூட்ரானுக்கு அந்தச் சம அளவு குண்டு ஹைட்ரஜன். தண்ணியில அதுதான் நிறைய. காலின்னு அளந்த அன்னிக்கு அந்த மூலைல தண்ணி இருந்திருக்கு. டிரம் எதையாவது மறந்து விட்டுட்டாங்களா?"

"டிரம் இல்ல மேடம்," என்றார் கதவோரம் நின்ற அத்தான். "நான்தான்."

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை. இவர் என்ன உளறுகிறார் என்றுதான் தோன்றியது.

பிறகு அவரே சொன்னார். கூடம் கட்டிய அந்தப் புதிதில் தேடப் போகிறவர் சாவி எடுப்பதில்லை. காலி அறையை முதலில் அளந்த அன்றைக்கு எல்லாச் சாவியும் பலகையில் இருந்தது. கதவுப் பொத்தானுக்கு இன்னொருவர் நின்றார். அத்தான் தேடி முடித்து, ஒரு காலை வெளியே வைத்த பிறகு, ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்ததால் திரும்பி உள்ளே போனார். பலகை நிறைந்திருப்பதைப் பார்த்த அந்த ஆள், எல்லாரும் வந்தாயிற்று என்று பொத்தானை அமுக்கிவிட்டார். உள்ளேயிருந்து இழுத்தால் முடுக்கியை நிறுத்துகிற அபாயக் கயிற்றுக்கு அப்போது இன்னும் மின்சாரமே இணைக்கவில்லை. அத்தான் கதவைத் தட்டினார், கத்தினார். அந்தச் சுவரைத் தாண்டி இடி விழுந்தாலும் கேட்காது. தகட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு தூரம் போய், கோடி மூலையில் கான்கிரீட் கட்டைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாள் முழுக்க. கதவு திறந்து ஆட்கள் உள்ளே வந்தபோது அவர்களோடு கலந்து வெளியே போய்விட்டார்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று இயக்குநர் கேட்டார்.

"சொன்னா, ஏன் திரும்பிப் போனேன்னு கேப்பீங்க சார்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "அக்காகிட்டயாவது சொல்ல வேண்டாமா? எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க! உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மேடம் அவசரமாகக் கணக்குப் போட்டு, கற்றை மிக மெலிந்தது, கட்டையும் மறைத்திருக்கிறது, சில எக்ஸ்ரே எடுத்த அளவுதான் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இயக்குநருக்கு வேறு கவலை. "அப்போ அன்னிக்கே சத்தம் கேக்க ஆரம்பிச்சிருக்கு," என்றார் மெதுவாக. "மருத்துவரைப் பார்க்கிறது நல்லதுதான்." உண்மையைச் சொல்லப் போய், அத்தான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

மேடம் அதோடு விடவில்லை. ஓர் ஆளைக் கழிப்பதென்றால் சரியாகக் கழிக்க வேண்டும் என்றார். அத்தானின் எடையைக் கேட்டு, அதே எடைக்குத் தண்ணீர் கேன்களை நிரப்பி, கோடி மூலையில் அவர் உட்கார்ந்த இடத்திலேயே அடுக்கச் சொன்னார். நாங்கள் அந்த அடுக்குக்குப் புது மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். எவனோ தன் தொப்பியைக் கழற்றி மேல் கேனில் மாட்டினான். அத்தானே சிரித்துவிட்டார். கற்றையை ஓடவிட்டோம்.

பாதிதான் வந்தது.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பழைய கணக்கில் இருந்த தண்ணீரில் சரிபாதியைத்தான் அந்த அடுக்கு தந்தது. மீதிப் பாதி அதற்குப் பக்கத்தில், இடப்புறமாக நின்றது.

"அப்போ நீங்க நல்ல குண்டா இருந்தீங்களா?"

"இவரா? பொறந்ததிலேர்ந்து ஒட்டடைக்குச்சிதான் மேடம்," என்றேன்.

"பக்கத்துல ஏதாவது இருந்ததா? மெழுகுக் கட்டி, தண்ணித் தொட்டி?"

"ஒண்ணும் இல்ல மேடம். இடந்தான் இருந்துச்சு." அத்தான் யோசித்தார். "இடம் இருந்தும் நான் சுவத்தோட ஒட்டி, ஓரமா ஒதுங்கி உட்கார்ந்தேன்."

"ஏன்?"

"தெரியல. பஸ்ல பக்கத்துல ஆள் உட்கார்ந்தா ஒதுங்கி இடம் விடுவோம் இல்ல, அந்த மாதிரி."

எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தள்ளி வைத்தேன்.

"நான் கேட்டது சத்தம் இல்ல சார்," என்றார் அத்தான், இயக்குநரைப் பார்த்து. "பதில். மூணாவது தடவை கூவினேன். 'இதோ வர்றேன்'னு அந்த மூலைலேர்ந்து குரல் வந்துச்சு. தெளிவா. வேலையா இருக்கிறவங்க சொல்ற மாதிரி. போய்ப் பார்த்தேன், யாரும் இல்ல. அதுக்குள்ள கதவு மூடிடுச்சு."

"யார் குரல்?"

"தெரிஞ்சா நான் ஏன் சார் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கேன்?"

மேடம் எழுந்தார். "இன்னொரு அடுக்கு வைங்க," என்றார்.

இந்தத் தடவை யாரும் பெயர் வைக்கவில்லை. தொப்பியை அதன் சொந்தக்காரன் எடுத்துப் பையில் திணித்துக்கொண்டான். கேன்களைத் தூக்கி வந்து, முதல் அடுக்குக்கு இடப்பக்கத்தில், கை படாத தூரம் விட்டு வைத்தோம். வைத்துவிட்டு ஆளுக்கு முந்தி ஆள் வெளியே வந்தோம். சாவிகளை மாட்டுவதில் அப்படி ஒரு தள்ளுமுள்ளு. அத்தான் மட்டும் கடைசிக் கேனை நேராக்கி வைத்துவிட்டு, மூன்று தடவை கூவி, நின்று, நிதானமாக வந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் கேமராவில் அந்த மூலையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நான் திரையைத் திருப்பி வைத்தேன்.

சாயங்காலம் முடிவு வந்தது. பழைய கோட்டின் மேல் புதுக் கோடு அப்படியே உட்கார்ந்தது. மூலைத் திருத்தம் தேவைப்படவில்லை.

இயக்குநர் திரையைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மருத்துவரைப் பார்க்க வேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். சாவியை வேறு யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை.

அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது. "பைத்தியம் இல்ல மாப்ள. எனக்குப் பைத்தியம் இல்ல." இத்தனை வருஷமும் இந்த மனிதரைக் கேலி செய்தே கழித்திருக்கிறேனே என்று எனக்கு நெஞ்சு வலித்தது. அவரைக் கட்டிக்கொண்டேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

எல்லாரும் பேயறைந்த மாதிரி இருப்பதைப் பார்த்து மேடம் எங்களைத் தேற்றப் பார்த்தார். "பயப்பட ஒண்ணும் இல்ல. அது என்னவோ, அப்போ இருந்தது. இப்ப கூடம் சுத்தம். புதுசா அளந்தோமே, அதுல அந்த மூலைல ஒண்ணுமே இல்ல. யாரா இருந்தாலும் அன்னிக்குக் கதவு திறந்தப்பவே வெளிய போயாச்சு..."

டீ கிளாஸை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தான் மட்டும் தலையாட்டினார்.

"ஆமா மேடம்," என்றார். "வெளிய வர்றப்ப நான் கதவோரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்னேன். ஏன்னு தெரியல. பின்னாடி வர்றவங்க வரட்டும்னு தோணுச்சு."

அன்று இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். அவர் லேசாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை. நான் அவருக்குப் பக்கத்தில் நடக்காமல், ஏனோ தெருவின் மறு ஓரத்தில் நடந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் ஈரக் கூந்தலை முதுகெல்லாம் விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அத்தான் உள்ளே போனார். உடம்பை ஒதுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற நாளாக இருந்தால் மந்திரி, கொசு என்று ஏதாவது சொல்லிக்கொண்டு அவர் கைக்கு அடியில் புகுந்து போயிருப்பேன். அன்று படியில் கால் வைக்க முடியவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் போயிற்று.

"இப்ப நீ வா மாப்ள," என்றார்.

உள்ளே அக்கா நிமிர்ந்து பார்த்தாள். என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. விரித்திருந்த கூந்தலை அவசரமாக அள்ளி முடிந்துகொண்டு எழுந்து நின்றாள்.